லண்டனில் இறங்கிய பவுண்டும் நம் கல்லாப்பெட்டியும்



சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் படித்த வரலாற்று ஆசிரியன் அல்லன், கடை வைத்திருக்கும் வியாபாரி. வியாபாரிக்குத் தெரிந்த வரலாறு விலையின் வரலாறுதான். எனவே அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். உலகில் எங்கோ நடக்கும் போரும் பொருளாதார மாற்றமும் நம் நாட்டின் அரசியலை எப்படி மாற்றின, அந்த மாற்றம் பாகான் செராய் போன்ற சிற்றூரில் வாழும் நம் குடும்பங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கரும்பிலிருந்து ரப்பருக்கு

பாகான் செராயில் பங்குச் சந்தையும் இல்லை, பெரிய துறைமுகமும் இல்லை. சுற்றிலும் வயல், அதைத் தாண்டினால் தோட்டம், நடுவே இரயில் பாதை. ஆனாலும் இந்த ஊர் இன்றைய உருவத்துக்கு வந்ததே உலகச் சந்தையால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் மாவட்டம் கரும்புக்குப் பேர் பெற்றிருந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் கூலா என்ற இடத்தின் பெயரே மலாயில் சர்க்கரையைக் குறிக்கும். அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் முதலில் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ஐரோப்பாவில் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுப்பது பெருகியது. 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் மலிவு விலை மோட்டார் காரை விற்கத் தொடங்கினார். காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டில் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கும் முடிவு கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு மறைந்து, அந்த இடத்தைப் பால்மரம் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த நிலங்களில் 1906-இல் முடிவுற்ற புக்கிட் மேரா நீர்ப்பாசனத் திட்டத்தின் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது.

தோட்டத்தில் ஆள் சேர்ந்தால் பக்கத்து ஊரில் கடை முளைக்கும். இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பினாங்குக்குச் சபர் வந்த நம் முன்னோர்களில் சிலர் இரயில் ஏறித் தெற்கே வந்து, மளிகை, ஜவுளி, சாப்பாட்டுக் கடை என்று தொழில் தொடங்கியது இப்படித்தான். தோட்டத்துச் சம்பள நாளே கடைக்கும் வசூல் நாள். ரப்பர் விலை இறங்கினால் பற்று நோட்டில் கடன் ஏறும்.

1930: ‘யார் இந்த ஊர்க்காரர்?’

1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது. 1925-இல் லண்டனில் ஒரு கட்டத்தில் ராத்தலுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் போன ரப்பர், 1932-இல் 3 பென்ஸுக்கும் கீழே வந்துவிட்டது. அந்தக் கணக்கில் ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதை நினைத்துப் பார்த்தால் வீழ்ச்சியின் ஆழம் புரியும்.

தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். சீனத் தொழிலாளர்களின் வருகைக்கு 1930-இல் வரம்பு கட்டினார்கள். 1933-இல் அந்நியர் சட்டம் வந்தது. அதற்கு முன்பு மலாயாவில் ஆள் தேவைப்பட்டது, ஆகவே யாரும் பெயரையும் ஊரையும் பெரிதாக விசாரிக்கவில்லை. விலை விழுந்த பிறகுதான் ‘இவர் இந்த ஊர்க்காரரா, வெளியூர்க்காரரா?’ என்ற கேள்வி சட்டமாக எழுந்தது.

இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் உலகச் சந்தை எப்போதெல்லாம் இறங்கியதோ, அப்போதெல்லாம் இது நம் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

1938-இல் அமெரிக்காவில் மீண்டும் மந்தம் ஏற்பட்டபோது தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முனைந்தார்கள். அதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதையே தடை செய்தது. கங்காணி முறை அத்துடன் நின்றது. அதன் பிறகு இங்கிருந்த தமிழர்கள் மெல்ல மெல்ல இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாயினர்.

போருக்குப் பின்

ஜப்பானியர் ஆட்சி 1945-இல் முடிந்ததும் உலகம் இரண்டு அணிகளாகப் பிரிந்தது. அந்தப் பனிப்போர் 1948-இல் பேராக்கிற்கே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நமக்கு மிக அருகில் உள்ள குனோங் செமாங்கோலில் அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கப்பட்ட ஹிஸ்புல் முஸ்லிமின் என்ற இயக்கமும் அவசரகாலக் கைதுகளில் சிக்கி முடங்கியது. அதன் தலைவர் உஸ்தாஸ் அபு பக்கர் அல்-பாகிர் சிறைப்பட்டார். கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து வந்த சட்டம், மார்க்கக் கல்விக் கூடத்திலிருந்து எழுந்த ஓர் அரசியல் இயக்கத்தையும் சேர்த்து அடக்கிவிட்டது. உலக அரசியல் சிற்றூருக்குள் நுழையும்போது அங்குள்ள ஆட்சியாளர் அதைத் தம் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொள்வார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1950-இல் கொரியப் போர் மூண்டது. ரப்பருக்கும் ஈயத்துக்கும் விலை கூடியது. அந்த ஏற்றுமதி வரிப் பணம் அவசரகாலச் செலவைத் தாங்கியது. அதன் பின்னர் 1957-இல் சுதந்திரமும் கிடைத்தது. ஆனால் நம்மவர்களில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள். குடும்பம் ஊரில், வியாபாரம் இங்கே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் வந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். சிவப்பு அடையாள அட்டை கையில் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினார்கள்.

1967: ஒரு வெள்ளி 85 காசு ஆன நாள்

உலகப் பொருளாதாரம் உள்நாட்டு அரசியலை எப்படி உலுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1967 நவம்பரைத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அரபு – இஸ்ரேல் போர் நடந்தது. சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. ஏற்கெனவே கடனிலும் வர்த்தகப் பற்றாக்குறையிலும் தவித்த பிரிட்டனுக்கு அது மேலும் ஓர் அடி. துறைமுக வேலைநிறுத்தங்களும் சேர்ந்துகொண்டன. நவம்பர் 18-ஆம் தேதி பிரிட்டிஷ் அரசாங்கம் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது.

இதற்கும் பினாங்குக்கும் என்ன தொடர்பு? இருந்தது. 1967 ஜூனில்தான் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டிருந்தது. பழைய மலாயா வெள்ளி நோட்டுகளும் புதிய நோட்டுகளுடன் சமமாகப் புழக்கத்தில் இருந்தன. பழைய நோட்டு பவுண்டுடன் கட்டப்பட்டது. புதிய நோட்டு அப்படி அல்ல. பவுண்டு இறங்கியவுடன் பழைய நோட்டும் கூடவே இறங்கியது. முந்தைய நாள் வரை ஒரு வெள்ளியாக இருந்தது, புதிய கணக்கில் 85 காசு என்றாயிற்று.

யாரிடம் பழைய நோட்டு இருந்தது? வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களை விட, தகர டப்பாவிலும் தலையணைக்கு அடியிலும் பணம் வைத்திருந்தவர்களிடமே அது அதிகம் இருந்தது. வயல்காரர், மீனவர், பால்மரம் வெட்டுபவர், ஒட்டுக்கடைக்காரர் எல்லாரும் இதில் அடக்கம். கல்லாவில் நூறு வெள்ளி வைத்துவிட்டுத் தூங்கிய சிறு வியாபாரிக்கு எழுந்தபோது 85 வெள்ளிதான். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. லண்டனில் எடுத்த முடிவு அவருடைய பதினைந்து வெள்ளியைக் கொண்டுபோய்விட்டது.

தொழிற்கட்சி நவம்பர் 24-ஆம் தேதி பினாங்கில் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. ஹர்த்தால் கலவரமாகி, பின்னர் இனக் கலவரமாகத் திரும்பியது. ஊரடங்கு போடப்பட்டது. பலர் உயிரிழந்தனர். நாணய மதிப்பு எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவில்தான் இறங்கியது. ஆனால் கோபம் அண்டை வீட்டுக்காரன் மேல் பாய்ந்தது. லண்டன் கண்ணுக்குத் தெரியாது, அண்டை வீட்டுக்காரன் தெரிவான்.

பினாங்கு அப்போதே நொந்துபோயிருந்தது. 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசியாவின் கொன்ஃப்ரொந்தாசி, சுமத்ராவுடனான பினாங்கின் பழைய வியாபாரத்தைக் கெடுத்துவிட்டது. செயற்கை ரப்பரின் போட்டியால் 1960-இல் இருந்த ரப்பர் விலை 1967-க்குள் ஏறத்தாழ பாதியாகியிருந்தது. அடுத்து பினாங்கின் சுதந்திரத் துறைமுக அந்தஸ்தும் போனது. இத்தனையும் சேர்ந்து 1969 மே 10 பொதுத்தேர்தலில் வெளிப்பட்டது. பினாங்கில் ஆளும் கூட்டணி தோற்று கெராக்கான் ஆட்சிக்கு வந்தது. நம் பேராக்கில் 40 சட்டமன்ற இடங்களில் கூட்டணிக்கு 19 மட்டுமே கிடைத்தன. இந்த முடிவுகளுக்குச் சந்தை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மொழிப் பிரச்சினையும் இனங்களுக்கு இடையிலான சந்தேகமும் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தன. ஆனால் புகைந்த இடத்தில் வயிற்றுப் பிரச்சினை எண்ணெய் ஊற்றியது.

மூன்று நாள் கழித்து மே 13. அதன் பின் நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, 1971-இல் மீண்டும் கூடியது. அதே ஆண்டு புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியது.

பர்மிட் காலம்

நம் குடும்பங்களைப் பொறுத்தவரை 1969-இன் பெரிய விளைவு வேலை பர்மிட்தான். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. மே 13-க்குப் பின் அது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. வேலையில்லாத உள்நாட்டு இளைஞர்களுக்கு வேலை தர வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்துவிட்டு, தாளில் மட்டும் வெளியூர்க்காரராக இருந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற வேண்டியதாயிற்று. தோட்டத் தொழிலாளரும் போனார்கள், கடைச் சிப்பந்திகளும் போனார்கள். இந்த மலரைப் படிக்கும் பல குடும்பங்களில் ‘பாட்டனார் ஒரு பக்கம், சின்னப் பாட்டனார் ஒரு பக்கம்’ என்று உறவு கடலால் பிரிந்து கிடப்பதற்கு அந்த ஆண்டுகளே காரணம்.

1930-இல் கேட்ட அதே கேள்விதான் இது. விலை விழுந்தது, வேலை குறைந்தது, ‘யார் இந்த ஊர்க்காரர்?’ என்று கேட்டார்கள். நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் நிலைத்தார்.

சங்கம் பிறந்த காலம்

நம் சங்கம் தோன்றிய 1970-களின் நடுப்பகுதியும் உலகம் கொந்தளித்த காலம்தான். 1973 அக்டோபரில் மீண்டும் அரபு – இஸ்ரேல் போர் நடந்தது. எண்ணெய் உற்பத்தி நாடுகள் விலையைப் பல மடங்கு உயர்த்தின. எல்லாப் பொருளும் விலை ஏறியது. ஆனால் மேலை நாடுகளில் கார் விற்பனை குறைந்ததால் ரப்பர் விலை மட்டும் இறங்கியது. அரிசி வாங்கும் விலை ஏறி, பால் விற்கும் விலை இறங்கினால் சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்? 1974 நவம்பர், டிசம்பரில் கெடா மாநிலம் பாலிங்கில் ஆயிரக்கணக்கான மலாய் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3-இல் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அபிம் இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறையில் இருந்தார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது.

அதே எண்ணெய் நெருக்கடியில் இன்னொரு விளைவும் உண்டு. 1974-இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்து பெட்ரோனாஸ் உருவாக்கப்பட்டது. ஒரே உலக நிகழ்ச்சி பாலிங் விவசாயியின் அடுப்பை அணைத்தது, மத்திய அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பவும் தொடங்கியது. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை.

பத்தாண்டு கழித்து 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய நாடுகள் நியூயார்க்கில் செய்துகொண்ட உடன்பாட்டால் ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறியது. ஜப்பானியக் கம்பெனிகள் செலவு குறைந்த இடம் தேடி வந்தன. பினாங்கிலும் பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. கிரியான் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். தோட்டச் சம்பள நாளை நம்பியிருந்த நம் கடைகள் தொழிற்சாலைச் சம்பள நாளுக்கு மாறின.

1997: ஒரே அலை, மூன்று கரை

1997 ஜூலை 2-இல் தாய்லாந்து தன் பாத் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் கைவிட்டது. ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. இந்தியாவிலிருந்து பருப்பும் வெங்காயமும் துணியும் இறக்குமதி செய்தவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1998-இல் நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே அலை மூன்று நாடுகளைத் தாக்கியது, மூன்றிலும் மூன்று விதமான அரசியல் விளைந்தது. தாய்லாந்தில் பிரதமர் பதவி விலகினார், ஆட்சி நாடாளுமன்றத்துக்குள்ளேயே கைமாறியது. இந்தோனேசியாவில் 32 ஆண்டு ஆண்ட சுஹார்த்தோ 1998 மே 21-இல் வீழ்ந்தார், இரத்தமும் சிந்தியது. மலேசியாவில் பிரதமர் மகாதீருக்கும் துணைப் பிரதமர் அன்வாருக்கும் இடையே வழி பற்றிய வேறுபாடு முற்றியது. 1998 செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ரிங்கிட் 3.80-இல் கட்டப்பட்டது. அதே நாளில் அன்வார் பதவி நீக்கப்பட்டார். ரெஃபோர்மாசி பிறந்தது. 1999 நவம்பர் தேர்தலில் அம்னோவின் நாடாளுமன்ற இடங்கள் 72-க்கு இறங்கின. பாஸ் கட்சி 27 இடங்களைப் பிடித்தது.

ஆகவே, உலகச் சந்தை நாட்டின் கதவைத் தட்டும், ஆனால் கதவைத் திறந்தபின் என்ன நடக்கும் என்பதை வீட்டுக்குள் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். சுமையை யார் தலையில் வைப்பது, யாரைக் காப்பாற்றுவது, யாரைக் குற்றம் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் உள்ளூரில்தான் விடை எழுதப்படுகிறது.

நம் காலம்

2014-இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே வந்தது. பெட்ரோனாஸ் வருமானத்தை நம்பியிருந்த அரசாங்கத்துக்குக் கை கடித்தது. 2015 ஏப்ரல் 1-இல் அமலான 6 விழுக்காடு பொருள் சேவை வரி முன்னரே திட்டமிட்டதுதான். ஆயினும் எண்ணெய் விழுந்தபின் அரசாங்கம் அதன் மேலேயே சாய்ந்து நின்றது. ஒவ்வொரு ரசீதிலும் அந்த வரி தனி வரியாக அச்சானது. கல்லாவில் நின்ற நாங்கள், வாடிக்கையாளர் ரசீதைப் பார்க்கும் பார்வையிலேயே நாட்டின் மனநிலையைப் படித்தோம். 1எம்டிபி விவகாரமும் சேர்ந்து, 2018 மே 9-இல் சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக மத்திய ஆட்சி மாறியது.

2022-இல் உக்ரைன் போரால் கோதுமையும் சமையல் எண்ணெயும் கோழித் தீவனமும் விலை ஏறின. ஜூன் மாதம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. ரொட்டி சானாய் மாவு பிசையும் நம் உணவகங்களுக்குக் கருங்கடலும் பக்கத்து ஊர்தான் என்று அந்த ஆண்டு தெரிந்தது. நவம்பர் பொதுத்தேர்தலில் எந்த அணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாகான் செராய் தொகுதி பாஸ் கட்சியிடம் போனது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த நூறாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு மூன்று பாடங்கள் தெரிகின்றன.

முதலாவது, தாள் முக்கியம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமை, வாக்காளர் பதிவு ஆகியவற்றை நல்ல காலத்திலேயே சரிசெய்துவிட வேண்டும். நெருக்கடி வந்தபின் விண்ணப்பிக்க நேரம் இருக்காது. 1969-இல் கப்பலேறியவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர், தாளில் குறைந்தவர்கள்.

இரண்டாவது, விலை ஏறும்போது அண்டை வீட்டுக்காரனைப் பார்க்காமல், விலை எங்கிருந்து ஏறியது என்று பார்க்கப் பழக வேண்டும். 1967-இல் பினாங்கு இதைச் செய்யத் தவறி உயிர்களை இழந்தது. மலாய்க்காரர், சீனர், இந்துத் தமிழர் என எல்லாருடனும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நம் சமுதாயம் இதை மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கம் இருந்தாலும் சொல்கிறேன். இன்று நம் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் தம்பிமார் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பர்மிட்டில் வந்தவர்கள். அந்நியத் தொழிலாளர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு பொருளாதார மந்தத்திலும் எழுகிறது. அப்போது நாம் ஆள் பற்றாக்குறையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவர்களும் நம் பாட்டனார் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டை நம் மேசை அறையில் பூட்டிவைக்காமல் அவர்களிடமே கொடுத்துவைப்பதும், பர்மிட்டைக் காலத்தில் புதுப்பிப்பதும், சம்பளத்தைச் சொன்ன நாளில் கொடுப்பதும் தர்மம் அல்ல, கடமை. இந்த விஷயத்தில் சங்கம் ஒரு நல்ல வழக்கத்தை ஏற்படுத்தினால் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அது பெயர் சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பற்று நோட்டு, பேரேடு, சிவப்பு அடையாள அட்டை, ரஜூலா பயணச்சீட்டு, 1967-இன் பழைய வெள்ளி நோட்டு இவற்றில் ஏதேனும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சங்கச் செயலாளரிடம் காட்டி ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நம் ஊரின் வரலாற்றை அரண்மனைக் கல்வெட்டுகளில் தேட முடியாது, அது இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் முன்னோர்களின் உழைப்பை ஏற்று, நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் நிலையான வாழ்வைத் தருவானாக. ஆமீன்.